பெல்ட்டுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

எங்கள் காடி, அதாவது கார், எந்த நிமிடமும் செத்துப்போகலாம் என்ற செய்தி எனக்கு ஒன்பது வயதில் தெரியவந்தது. அப்பாவுக்கும் தெரியும்தான். ஆனால் அவர் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அதனால் வீட்டின் மொத்தக் கவலையையும் நானே சுமக்க வேண்டியதாயிற்று.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை அப்போதுதான் தொடங்கியிருந்தது. எண்ணெய் மாற்றுவதற்காக அப்பா காடியை மாக் மண்டினில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். நானும் தொற்றிக்கொண்டேன். எங்களுக்கு முன் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த காடி அது. மெக்கானிக் முன்பக்கம் ஒரு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பல் பல்லாக ஒரு கறுப்பு ரப்பர் பட்டை தெரிந்தது.

"அண்ணே, இந்த டைமிங் பெல்ட்ட எப்ப மாத்துனது?"

அப்பாவுக்குத் தெரியாது. விற்றவரும் சொல்லவில்லை.

"மீட்டரு லட்சத்தத் தாண்டிருச்சு. இனிமே நம்ப முடியாது லா. இது சத்தம் போட்டு, சொல்லிட்டு அறாது. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், டக்குனு புத்துஸ். வால்வு எல்லாம் வளைஞ்சி இஞ்சின் ஹாபிஸ்."

அறுவதும் முடிந்துபோவதும் மலாயில் கேட்கும்போது இன்னும் பயங்கரமாக இருந்தன.

"எத்தன நாள் தாங்கும்?" என்றார் அப்பா.

"ஒரு வருசமும் ஓடும், நாளைக்கும் அறும். ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, மாத்திக் குடுத்திடறேன்."

"சனி, ஞாயிறுல முடியாதா?"

"சனிக்கிழம சாமான் கடை பாதி நாளு. ஞாயிறு துத்துப், தொறக்கவே மாட்டான். ரெண்டு நாளைக்கு டாக்சி எடுங்களேன்ணே."

"வழியில நாலு தடவ நிப்பாட்டணும். டாக்சிக்காரன் நிப்பாட்டுவானா? நடுவுல ஒரு நாளும் விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அஞ்சு வாரம் போகட்டும்."

மெக்கானிக் அப்பாவைப் பார்த்தார். பிறகு மூடியைத் திரும்ப மாட்டினார். யார் சொன்னார்கள், எதை விடக்கூடாது என்று நான் கேட்கவில்லை. அஞ்சு வாரம் என்பது மட்டும்தான் காதில் நின்றது. அப்பாவைப் போல அலட்சியமான மனிதர் உலகத்திலேயே கிடையாது என்று முடிவு கட்டினேன்.

அந்த விடுமுறை முழுக்க, வாரத்தில் ஐந்து நாள் நாங்கள் பட்டர்வொர்த்திலிருந்து பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவுக்குப் போனோம். சுங்கை பினாங் அடுக்குமாடியில் இருந்த அத்தை வீட்டில் என்னை இறக்கிவிட்டு, அம்மாவும் அப்பாவும் எங்கோ போய்விட்டு மத்தியானம் வருவார்கள். ஏதோ வேலை என்றார்கள். அந்த நாட்களில்தான் அம்மாவுக்குக் காடியில் போனால் வாந்தி வரும் பழக்கம் புதிதாக வந்திருந்தது. கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே வருவார். அதற்காக அப்பா சந்தையிலிருந்து கூடை நிறையப் பழம் வாங்கி வைத்திருந்தார்.

பாலத்தில் ஏறியதும் என் உயிர் என்னிடம் இருக்காது. இரண்டு பக்கமும் கடல். கீழே கப்பல்கள். அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார். அவருக்கும் பெல்ட்டை நினைத்துத்தான் பயம் என்று எனக்குத் தோன்றியது. இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு, கரை வரும்வரை மூச்சை எண்ணுவேன். நல்லா ஓடிக்கிட்டே இருக்கும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார் அல்லவா, அதனால் காடி நன்றாக ஓடும்போதெல்லாம் பயம் கூடியது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். காடி வாங்கிய புதிதில் அத்தை நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கச் சொன்னார். சாமியாவது பூதமாவது என்று திட்டிக்கொண்டே அப்பா ஏற்றினார். கண் படாது, ஆபத்து வராது என்று அத்தை சொன்னது எனக்கு நினைவிருந்தது. கூடையிலிருந்து தினமும் ஒரு பழம் எடுத்தேன். யாரும் வெளியே வருவதற்கு முன், இடது பக்க முன் டயரை ஒட்டி வைத்தேன். நான்கு டயருக்கும் வைத்தால் கூடை காலியாகிக் குட்டு உடைந்துவிடும். ஒரு பழத்துக்குச் சாமி என்ன செய்யுமோ அதைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் திரும்பி வரும்போது நசுங்கிய பழம் வாசலில் கிடக்கும். அம்மா உள்ளே போனதும் அப்பா அதை எடுத்துச் சாக்கடையில் போடுவார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். என்றைக்குப் பிடித்து அடிப்பாரோ என்று அந்தப் பயம் வேறு.

நான்காவது வாரத்தில் ஒரு நாள் நான் எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. அப்பா அதற்குள் இஞ்சினை முடுக்கிவிட்டார். பழம் வைக்காமல் பாலத்தில் ஏறினோம். பாதிப் பாலம் தாண்டியிருக்கும், காடி வேகம் குறைந்து ஓரமாக நின்றது. இஞ்சின் சத்தம் அடங்கியது. நான் "பெல்ட்டு! பெல்ட்டு!" என்று அலறினேன். அப்பா இறங்கி ஓடி மறுபக்கக் கதவைத் திறந்தார். அம்மா வெளியே குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தார். அவருடைய தலைத்துணி நழுவி விழுந்தது. அப்பா அதை எடுத்து மெதுவாகக் கட்டிவிட்டார்.

"பெல்ட்டு அறுந்திருச்சாப்பா?"

"இல்லம்மா. காடிக்கு ஒண்ணுமில்ல." அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காடிக்கு ஒண்ணுமே இல்ல."

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அப்பா மறுபடி முடுக்கியதும் இஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. மிச்சப் பாலத்தை நான் கிட்டத்தட்டச் சந்தோஷமாகவே கடந்தேன். மறுநாள் மறக்காமல் இரண்டு பழம் வைத்தேன்.

ஐந்து வாரம் முடிந்த மறு திங்கட்கிழமையே அப்பா காடியை ஒர்க்‌ஷாப்பில் விட்டார். மெக்கானிக் பழைய பெல்ட்டை மடக்கிக் காட்டினார். பல்லுக்குப் பல் வெடிப்பு விட்டிருந்தது. "நீங்க ராசிக்காரருண்ணே," என்றார். யாருடைய ராசி என்பது எனக்குத் தெரியும். பெருமையை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அம்மா பிழைத்துக்கொண்டார். அது புற்றுநோய், அந்த ஐந்து வாரமும் கதிர்வீச்சு வைக்கத்தான் போனார்கள் என்பதெல்லாம் நான் இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போதுதான் தெரிந்தது. பழத்தைப் பற்றித் தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அப்பா இறந்து பதினாறாம் நாள், வந்தவர்கள் போன பிறகு, அம்மா என்னிடம் சொன்னார்.

"உங்கப்பா சாமியே இல்லன்னு சொன்ன மனுசன். நான் ஆஸ்பத்திரிக்குப் போன நாளெல்லாம் எனக்குத் தெரியாம டயருக்குக் கீழ எலுமிச்சம்பழம் வச்சாரு. நசுங்குனதக்கூட நான் பாத்திரக்கூடாதுன்னு எடுத்துப் போட்டுருவாரு. மொத நாளு பாத்தப்பதான் எனக்கு உயிர்ப் பயமே வந்துச்சு. இந்த மனுசனே பழம் வைக்கிறாருன்னா டாக்டரு என்னமோ சொல்லிட்டாரு, நான் பொழைக்கமாட்டேன்னு நெனச்சேன். இனி பயமில்லன்னு டாக்டரு சொல்ற வரைக்கும், ஆறு வருசம் அந்த நெனப்போடயே இருந்தேன். அவரக் கேக்கவும் பயம்."

அம்மாதான் வைக்கிறார் என்று அப்பாவும் நினைத்திருக்க வேண்டும். அதனால்தான் அவரும் எதுவும் கேட்காமல் அள்ளிப் போட்டார் போலும். அதைக் கேட்க இப்போது அவர் இல்லை.

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "எவ்ளோ பாசம் இருந்தா அப்படிச் செஞ்சிருப்பாரு," என்றார்.

"ஆமாம்மா," என்றேன். பெல்ட்டைப் பற்றி நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.