கல் வைத்த பழம்

தைப்பூசத்துக்கு முந்தின நாள் மதியம், கோயில் மடப்பள்ளியில் வாழைப்பழப் பெட்டியைத் திறந்தேன். பூண்டை நசுக்கி வைத்தது போல ஒரு வாடை. அது எனக்குப் பழகிய வாடை. மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் ஒரு பட்டறையில் இரும்பு வெட்டி ஒட்டுகிறவன் நான்.

நாங்கள் பிழைப்பதே அசிட்டிலின் வாயுவில். இப்போது சிலிண்டரில் வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டு நாங்களே எடுப்போம். கல் நனைந்ததும் பொங்கும், வாயு குழாயில் ஏறும். ஆக்சிஜனோடு சேர்த்துக் கொளுத்தினால் தடித்த தகடும் கண்முன்னே உருகிச் சொட்டும். பொல்லாத வாயு அது. செம்புக் குழாயில் விட்டால் வெடிக்கக்கூடிய உப்பாகப் படியும். சுத்தமாக இருந்தால் அவ்வளவு மணம் கிடையாது. நாறுவது கல்லோடு வருகிற அழுக்கு. அதுதான் நஞ்சு.

அதே கல்லைத் தாளில் பொட்டலம் கட்டி வாழைக்காய்க்கு நடுவே வைத்து மூடினால், காயின் ஈரத்திலேயே வாயு கிளம்பும். பழம் கனியும்போது தானே விடுகிற வாயுவுக்கு இது தூரத்துச் சொந்தம். காய் ஏமாந்துபோய்த் தோலை மஞ்சளாக்கிக்கொள்ளும். உள்ளே காயாகவே இருக்கும்.

பழம் கொண்டுவந்தவன் என் மனைவியின் தம்பி. ஜொகூர் பாருவில் பழக்கடை வைத்திருக்கிறான்; பழத்துக்கு அவனிடம்தான் சொல்லி வைத்திருந்தேன். என் மகள் மூச்சுத் திணறி மருத்துவமனையில் கிடந்தபோது, பிள்ளையைத் திருப்பிக் கொடு, வருஷா வருஷம் உன் பஞ்சாமிர்தத்துக்குப் பழம் என் பொறுப்பு என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். முருகன் கொடுத்துவிட்டான். நான் கொடுப்பதில் கள்ளம் இருக்கலாமா?

மச்சானைப் பக்கத்தில் கூப்பிட்டேன்.

"கல்லு வெச்சியா?"

அவன் மறைக்கவில்லை. சிரித்தான். "கல்லத்தான மாமா சாமின்னு கும்பிடுறோம். பழத்துல வெச்சா மட்டும் தீட்டா?"

பழம் உரித்துக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. தம்பியைப் பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வைக்காதீர்கள் என்று என் காதோரம் சொன்னாள்.

கோயில் தலைவரிடம் போனேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு பழம் தேடச் சொன்னார். சந்தையில் ரஸ்தாளி ஒரு சீப்புகூட இல்லை. பூசத்துக்கு எல்லாம் போய்விட்டது. தம்போயில் ஒரு மலாய்க்கார அம்மா, வீட்டுக்குப் பின்னால் தானாகப் பழுத்தது என்று சில சீப்புகள் கொடுத்தார். தோலெல்லாம் கரும்புள்ளி, தொட்டால் குழையும், தேன் மாதிரி வாசம். கொண்டுவந்து வைத்தேன்.

தலைவர் ஒரு பழத்தைத் தூக்கிப் பார்த்தார். "அலமாக், இத மாவுல முக்கிப் பொரிக்கலாம் அண்ணே. சாமிக்கு வைக்க முடியுமா? ஜனங்க பார்ப்பாங்க லா."

மஞ்சள் பழம் அண்டாவுக்குள் போனது. பழத்தின் நடுப்பாகம் மசியாமல் கட்டி கட்டியாக நின்றது. சர்க்கரையையும் தேனையும் கூடுதலாகக் கொட்டி மூடிவிட்டார்கள். என் சீப்புகள் மூலையில் ஈ மொய்த்துக் கிடந்தன.

மறுநாள் காலை அபிஷேகம். பஞ்சாமிர்தம் வேலின் மேல் வழிந்தபோது எல்லாரும் கையெடுத்தார்கள். நானும் கையெடுத்தேன், கண்ணை மூடிக்கொண்டு. என் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை நடந்தது. மச்சானுக்குச் சால்வை போட்டார்கள்.

பிரசாதத்தை என் மகள்தான் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். மனைவி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் போட்டேன். இனிப்புக்கு அடியில் காயின் துவர்ப்பு நாக்கைப் பிடித்தது. கட்டியாக ஒன்று பல்லில் பட்டது. பிரசாதத்தைத் துப்பக் கூடாது. விழுங்கினேன்.

"நல்லாருக்காப்பா?" என்று மகள் கேட்டாள்.

நல்லாருக்கு என்றேன். என் நேர்த்திக்கடன் சேர்ந்ததா இல்லையா என்று முருகனிடம் நான் இன்னும் கேட்கவில்லை. சேரவில்லை என்று சொல்லிவிட்டால் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பேன்?