வாசலில் நின்று கேட்டவர்

அரசு மானியத்தில் நடந்த குடிநோய் மறுவாழ்வு மையத்தில், சிகிச்சை முடித்துப் போனவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து வருவது அவர் வேலை. மெலிந்த உடம்பு, நரைத்த கிருதா. நெசவாளி வீட்டில் பிறந்தவர். வீட்டுக்கு வீடு தறி ஓடும் பிள்ளையார்பாளையத்தில் எந்தக் கதவையும் தட்டமாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்பார். தறிச் சத்தம் சீராக வந்தால் ‘குடிப்பதில்லை’ என்று குறித்துக்கொள்வார். அதை வைத்துத்தான் காலாண்டு அறிக்கையை நான் தட்டச்சு செய்வேன்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். ஒரு வாசலில் சத்தம் கேட்டதும் குறித்துவிட்டார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். தறியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“வீட்டுக்காரரு இல்லியாம்மா?” என்றேன்.

“ஆடியிலியே செத்துப்பூட்டாரு சார். கடைசி வரைக்கும் குடிச்சிக்கினுதான் இருந்தாரு. இப்ப நான்தான் நெய்யறேன்.”

திரும்பி வந்து அவரிடம் சொன்னேன். அவர் குறித்ததை அடிக்கவில்லை.

“நல்லாயிட்டவங்க கொறஞ்சா மையத்த மூடிடுவாங்கபா. அப்புறம் மத்தவன் எங்க போவான்?” என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

சத்தத்திலேயே யார் கை என்று நெசவாளிக்குத் தெரிந்துவிடும். ஆடியிலிருந்து அந்த வாசலில் நின்றவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?