கறுப்புக் கரை போட்ட கார்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கணவருக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்காரர்களே, அவர் கால் மரத்துப்போனதற்கு நீங்கள்தான் காரணம். பாதிக் காரணம். மீதிப் பாதியை நானே சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது ராஜபாளையத்தில் இருந்தோம். அவருக்கு நூல் மில்லில் வேலை. எனக்குக் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை. மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து, நேரத்துக்குச் சாப்பிடாமல் அவருக்கு வயிற்றுப்புண் வந்துவிட்டது. ஒரு நாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர், "அப்பப்ப வந்து ஊசி போட்டுட்டுப் போகணும். கார்டு போடுவோம், வந்துருங்க" என்றார். எதற்கு ஊசி, எத்தனை வருடத்துக்கு என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. முதல் வருடம் கம்பவுண்டர் தமிழில் கையால் எழுதிய கார்டு வந்தது. வந்தபோதெல்லாம் பஸ் ஏறிப் போனோம். பிறகு கார்டு வருவது நின்றுவிட்டது என்று நினைத்தோம்.

"கார்டே வரலயேட்டி. அப்ப சரியாயிட்டுன்னுதான அர்த்தம்" என்றார் அவர். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஒரு தோசைக்கே திணறியவர் மூன்று சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

நாலைந்து வருடம் போனது. ஆள் வெளுத்துக்கொண்டே வந்தார். படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு சாயங்காலம் ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு வாசலில் வந்து நின்றார்.

"இன்னொன்னு எங்க?" என்றேன்.

குனிந்து பார்த்தார். "கழண்டது தெரியலையேட்டி."

"நல்லவேள, வேட்டியாவது இருக்கு" என்று சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

மறுவாரம் மில்லில் விழுந்துவிட்டார். அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பதிவு நோட்டைப் புரட்டிய நர்ஸ் அதட்டினார். "மூணு கார்டு போட்ருக்கோம். ஒன்னுக்குக்கூட வரல. பேரை அடிச்சாச்சு. இப்ப வந்து நிக்கிய?"

"கார்டு வரலம்மா" என்றேன்.

அவர் டிராயரைத் திறந்து ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார். முழுக்க இங்கிலீஷ் அச்சு. நாலு ஓரமும் தடியாகக் கறுப்புக் கரை.

அந்த கார்டை எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் கறுப்புக் கரை போட்டு வந்தால் அது கருமாதி கார்டு. வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம். வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவோம். நெருங்கிய சொந்தம் போய்விட்டால் ஆள் வரும், தந்தி வரும். கார்டுதானே, யாரோ தூரத்து ஆள் என்று நினைத்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. வயிறு அறுத்த மனுஷனுக்குச் சாவுச் செய்தி எதற்கு என்று, அவர் கண்ணில் படாமல் மூன்றையும் நானேதான் கிழித்தேன்.

"இது கருமாதி கார்டுல்லாம்மா" என்றேன்.

நர்ஸ் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "பிரஸ்ல அந்த பார்டர்தான் இருந்துச்சாம்."

இரைப்பையை வெட்டியவர்களுக்கு ஒரு சத்து உடம்பில் ஒட்டாது, ஆயுசு முழுக்க ஊசி வேண்டும், முன்பு சேர்ந்திருந்தது தீரும்வரை நன்றாக இருப்பது போலவே தோன்றும் என்று டாக்டர் அன்றைக்குத்தான் விளக்கினார். ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடம் முதலிலேயே ஏன் கிடைக்கவில்லை?

ஊசி போட்டதும் ரத்தம் ஊறியது. காலில் உணர்ச்சி திரும்பவில்லை. காலைப் பார்த்துக்கொண்டே நடந்தால்தான் நடக்கிறார். யாராவது கூப்பிட்டு நிமிர்ந்தால் தடுமாறுகிறார். மில் வேலை போயிற்று. ஊசி நாளை இப்போது நானே காலண்டரில் குறித்துவைத்து அழைத்துப்போகிறேன். எந்த கார்டுக்கும் காத்திருப்பதில்லை.

உயிரோடு இருக்கிறவரைக் கருமாதி கார்டு போட்டா கூப்பிடுவது? மூன்று கார்டுக்கும் வரவில்லை என்றதும் பேரை அடிக்கத் தெரிந்த உங்களுக்கு, அரை மணி நேரம் பஸ்ஸில் ஒரு ஆளை அனுப்பி, இருக்கிறாரா செத்தாரா என்று பார்க்கத் தெரியவில்லையா? கிழித்தது என் கை. அதைச் சாகும்வரை நான் சுமப்பேன். ஊரறிய இந்தப் பத்திரிகையில் எழுதியும் விட்டேன். உங்கள் பதிலையும் இதே பக்கத்தில் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள்.