மொன்றியலில் காற்றையும் பனியையும் அளந்த காலம்

வானிலை பார்க்கிறவனைக் கண்டால் யாரும் சுகம் விசாரிப்பதில்லை. நேரே நாளைக்கு எப்படி என்றுதான் கேட்பார்கள். நானோ நாளையைச் சொல்கிறவன் அல்ல. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் சென்ட் லோரன்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. காற்று, வெப்பம், ஆற்றின் நீர்மட்டம் இவற்றை அளக்கும் கருவிகளை நகரைச் சுற்றி நட்டு வைப்போம். அவை குழப்படி செய்தால் வண்டியில் போய்ப் பார்ப்போம். கூட வருபவர் ழில், என்னைவிட மூத்த கியூபெக்காரர், பெரிய உடம்பு. ஜனவரியில் பஸ்ஸுக்குக் காத்து நின்று கால்விரல் மரத்துப்போன உங்களுக்கு இந்த வேலையின் பாதி தெரியும். மறுபாதி இது.

கதைக்காத மரம்

விழுந்த இடத்திலேயே ஐஸாகிவிடும் உறைமழை பெய்த ஒரு காலை. ஆற்றுக்கு நடுவே இருக்கும் இல்-பிசார் தீவில் ஒரு வீட்டுக் கொல்லையில் நாங்கள் நட்டிருந்த காற்றளக்கும் கருவி, காற்றே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. போய் இறங்கினால் காற்று முகத்தில் அறைகிறது. கருவியின் கிண்ணங்கள் ஐஸுக்குள் இறுகிக் கிடந்தன. சுற்றியிருந்த மரங்கள் எல்லாம் கண்ணாடிப் பாத்திரங்கள் போல ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

கம்பத்தடியில் நின்று ஐஸைத் தட்டத் தொடங்கினோம். வீட்டுக்காரி, தனியாக இருக்கும் ஒரு மதாம், ஜன்னலைத் தட்டி உள்ளே வரச் சொன்னார். பிறகு வருகிறோம் என்று கையைக் காட்டினோம். அவர் விடவில்லை, வீட்டுச் செருப்போடு வாசலுக்கே வந்துவிட்டார். ழில் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார், பின்னால் நான். கோப்பிக் கோப்பையைக் கையில் வாங்கும்போது வெளியே வெடிச்சத்தம் போல ஒன்று. பார்த்தால், ழில் நின்ற இடத்தில் மேப்பிள் மரத்தின் பெரிய கொப்பு, கம்பத்தையும் சேர்த்து விழுத்திக்கொண்டு கிடந்தது. ழில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். மதாம் சாவதானமாகச் சீனியை நகர்த்தி வைத்துச் சொன்னார்: “காலையிலிருந்து எல்லா மரமும் கதைத்துக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் பேசாமல் நின்றது.”

வெறும் வானத்தில் ஒரு வளையம்

சென்னையிலிருந்து படிக்க வந்த ரேவதி, பகுதிநேரமாக எங்கள் ரேடார் படங்களைப் பார்ப்பாள். கோடையின் கடைசியில் ஒரு காலை, முகிலே இல்லாத வானத்தில் ஒரு புள்ளி தோன்றி, வளையமாகி, மெல்ல விரிந்து கரைவதைக் கண்டு என்னைக் கூப்பிட்டாள். அது பறவைகள், ஓரிடத்தில் கூட்டமாய் உறங்கிவிட்டு விடிந்ததும் எல்லாத் திசையிலும் கிளம்புகின்றன, ரேடார் அவற்றையும் பிடிக்கும் என்று விளக்கினேன். பிறகு தினமும் அந்த வளையத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேறு வேலை தொடங்குவாள்.

ஒருநாள் வளையம் வரவில்லை. அன்று பின்னேரம் திடீரென்று ஆலங்கட்டி கொட்டி, எங்கள் வண்டியின் முன்கண்ணாடி நொறுங்கியது. பறவைகள் தெற்கே போகிற காலம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். அவள் உடைந்த கண்ணாடியையே பார்த்தபடி, “சம்பந்தமில்லன்னு எனக்கும் தெரியும்ணா. ஆனா அவங்க கிளம்பிட்டாங்க, நாம இருக்கோம்” என்றாள்.

துணைக்கு வந்தது

நடு மாரியில், பனி உறைந்து கிடக்கும் காலத்தில், மழை பெய்தால் ஆறு ஏமாற்றும். மேலே ஐஸ் அப்படியே இருக்கும், அடியில் தண்ணீர் ஏறும். அப்படி ஏறுகிறது என்று கருவி காட்டியதால் இல்-பிசார் கரைக்குப் போனோம். மூடுபனிப் புகார் எங்கும் கவிந்திருந்தது. ஐஸுக்குள்ளிருந்து நீளமாக ஒரு முனகல் வந்தது. புகாருக்குள் ஒரு மனிதர், உறைந்த ஆற்றின் மேல், அக்கரையிலிருக்கும் லவால் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

ழில் பிரெஞ்சில் கத்தினார், நான் ஆங்கிலத்தில் கத்தினேன். அவர் திரும்பவில்லை. நடையைப் பார்க்க எங்கள் ஊர் ஆள் என்று எனக்குப் பட்டது. “அண்ணை, அதிலையே நில்லுங்கோ” என்று கூப்பிட்டேன். நின்றார்.

குப்புறப் படுத்து, வந்த வழியே ஊர்ந்து வரச் சொன்னேன். அவர் கிட்ட வர வர, பின்னால் அவருடைய காலடித் தடங்களில் கறுப்பாகத் தண்ணீர் ஊறி நிரம்பியது. ழில் எறிந்த கயிற்றை அவர் பிடித்த பிறகுதான் நான் மூச்சுவிட்டேன். பெயர் குலசிங்கம், இந்த நாட்டுக்கு வந்து ஒரு மாரிகூட ஆகவில்லை. தீவில் ஒரு வீட்டைத் துப்புரவாக்க வந்தவர். திரும்பிப் போக பஸ் இல்லை, லவாலில் தங்கை வீடு. ஐஸில் யாரோ போன தடம் தெரிந்ததால் இறங்கிவிட்டார். வண்டிக்குள் சூட்டைக் கூட்டிவிட்டு, அந்த முனகல் கேட்கவில்லையா என்று கேட்டேன். “கேட்டது தம்பி. எனக்குக் கீழை ஆரோ கூட நடந்து வாற மாதிரி இருந்தது. நான் நிண்டா அதுவும் நிண்டுது. துணைக்கு ஆள் இருக்கெண்டுதான் போனனான்” என்றார்.

கடைசி ஆள்

ஒரு ஜூலை வெக்கையில், வில்லரே பகுதியில், எங்கள் ஊர்க்காரரான யோகம் அக்காவின் பல்கனியில் வைத்திருந்த வெப்பமானி விடியற்காலையிலும் இறங்கவில்லை. பழுதென்று நினைத்து மாற்றப் போனேன். கருவியில் ஒரு பிழையும் இல்லை. யோகம் அக்கா, கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துக்கு வேலைக்குப் புறப்பட்டு நின்றவர், மேல்வீட்டுக் கிழவரின் ரேடியோ நேற்றிலிருந்து வெறுமனே இரைகிறது, ஒருநாளும் இப்படி விடமாட்டார் என்றார்.

வெளிப்படிக்கட்டால் ஏறினோம். கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே பாண் சுடுகிற போறணை போல அனல். திரைகள் மூடிய இருட்டில், இரைகிற ரேடியோவுக்கு முன்னால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பில் வேர்வையே இல்லை. எங்களைப் பார்த்தும் கண் அசையவில்லை. அக்கா ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றினார், நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த வளைந்த படிக்கட்டால் இறக்கும்போது, தெருவில் நின்ற சனத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்து அவர் மெல்லக் கேட்டதை நான் மறக்கவில்லை: “இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா? ரேடியோவும் பேச்சை நிறுத்தியதும், நான்தான் கடைசி என்று நினைத்தேன்.”

கருவி பிழையாகக் காட்டினால் கழற்றித் திருத்திவிடலாம், சரியாகக் காட்டும்போதுதான் எனக்குப் பயம்.