லார்ச் தடிகளும் ஒரு கல்யாண மேடையும்

மரம் வாங்கப் போனால் தச்சுக்கார ஜெரிகா டேப்பைத் தொடமாட்டாள். தடியின் நடுவில் இரண்டு கையாலும் கட்டிப்பிடிப்பாள், நீளத்தை நடந்து பார்ப்பாள், கண்ணை மூடிக்கொண்டு இத்தனை கன மீட்டர் என்பாள். எங்கள் சவின்யா பள்ளத்தாக்கில் அவள் கணக்குக்கு ஒரு பலகை கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. அதில் அவளுக்குத் தலைக்கனம்தான். இருக்கட்டுமே, அக்கார்டியன் வாசிக்கிற எனக்கு இல்லையா?

ஐம்பது தாண்டியபின் அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை மத்தேவ்ஷ், மரம் அறுக்கும் மில்காரர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் ஆட நானே மேடை போடுவேன், ஒருத்தர் கால்கூடப் புல்லில் படக்கூடாது என்று ஜெரிகா சபதம் போட்டாள். மில்லில் கிடந்த லார்ச் மரத் தடிகளைக் கட்டிப்பிடித்துவிட்டு, தாராளமாகப் போதும் என்றாள். மாப்பிள்ளை தலையாட்டினார்.

காதல் வந்த இடத்தில் கணக்கு நிற்குமா? ஆயுளெல்லாம் அவள் அளந்தது ஸ்ப்ரூஸ் மரம். அதற்குப் பட்டை மெல்லிசு. லார்ச்சுக்கோ இரண்டு விரல் தடிமன். பட்டையோடு சேர்த்தே அளந்துவிட்டாள். கல்யாணத்தன்று காலையில்தான் பலகைகள் வந்தன. அடித்து முடித்தபோது மேடைக்குக் குறித்த இடத்தில் கால்வாசி வெறும் புல். ஜெரிகா சுத்தியலைப் போட்டுவிட்டு அழுதேவிட்டாள்.

ஊர் விடுமா? சபதம் சபதம்தான் என்று அத்தனை பேரும் மேடையில் ஏறி நெருக்கியடித்து நின்றார்கள். எனக்கே இடமில்லை, வண்டிமேல் ஏற்றி வாசிக்கச் சொன்னார்கள். ஒருவராலும் காலைத் தூக்க முடியவில்லை. மொத்தக் கூட்டமும் இந்தப் பக்கம் சாயும், பிறகு அந்தப் பக்கம் சாயும். பாதிரியார் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைத் தொலைத்தார். அந்த நெரிசலில்தான் ஜெரிகாவுக்குப் பொறி தட்டியது.

"ஏய், நீ நாளெல்லாம் லார்ச் அறுக்கிறவன். நான் பட்டையைக் கழிக்கலேன்னு அன்னைக்கே உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டிருந்தே?"

மத்தேவ்ஷ் காதுவரை சிவந்தார். "எனக்கு ஆட வராது ஜெரிகா. எடம் இருந்தா ஊரே என் காலைப் பாத்துச் சிரிக்கும். ஒனக்குத்தான் தலைகுனிவு. இப்ப நின்னாலே போதும் பாரு."

ஜெரிகா சிரித்த சிரிப்பில் மேடையே குலுங்கியது. மெதுவான பாட்டாக வாசிக்கச் சொல்லி எனக்குக் கைகாட்டினாள். எனக்குத் தெரிந்த மெதுவான பாட்டு ஒன்றுதான். அதையே பொழுது சாயும்வரை வாசித்தேன்.