ஏழரை நம்பர் தோட்டா

துப்பாக்கித் தோட்டாவில் நம்பர் கூடக்கூட, உள்ளே இருக்கும் ஈயக் குண்டு சிறுத்துக்கொண்டே போகும். இது எனக்குப் பிடிபட நாளாயிற்று. ஒன்பதாம் நம்பர் குண்டு கடுகு மாதிரி இருக்கும். ஏழரை அதைவிடப் பருமன். எட்டு, இரண்டுக்கும் நடுவில். பெரிய குண்டு தூரம் போகும், பலமாகத் தாக்கும், ஆனால் ஒரு தோட்டாவுக்குள் குறைவாகத்தான் அடங்கும். சின்னது நிறைய அடங்கும், அகலமாகப் பரவும், கொஞ்ச தூரத்திலேயே வேகம் செத்துவிடும். கல்யாணம் ஆகி அணுபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு நான் கற்றுக்கொண்ட விஷயங்களில் இதுவும் ஒன்று.

என் கணவர் சுட்டது உயிருள்ள புறாவை அல்ல. அதைச் சுட்டால் வழக்கு வரும். அவர் சுட்டது மண்புறா. சுண்ணாம்பும் தாரும் கலந்து வார்த்த, உள்ளங்கை அகலத் தட்டு. ஒரு காலத்தில் நிஜப் புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்ட விளையாட்டாம். அதனால் தட்டுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பள்ளத்துக்குள் இருக்கும் மெஷின் தட்டை விசிறி அடிக்கும். இடது பக்கம் போகுமா, வலது பக்கம் போகுமா, நேராகப் போகுமா என்று யாருக்கும் தெரியாது. சுடுகிறவர் குரல் கொடுத்ததும் பின்னால் இருக்கும் ஒருவர் பித்தானை அழுத்த வேண்டும். செங்கல்பட்டுக்கு மேற்கே, ஒரு மொட்டைக் குன்றின் அடிவாரத்தில் இருந்த சின்ன கிளப்பில், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பித்தானை அழுத்தியது நான்தான்.

மற்றவர்கள் ஆங்கிலத்தில் குரல் கொடுப்பார்கள். இவர் மட்டும் "ஏய்!" என்று ஒரு சத்தம் போடுவார். வயலில் குருவி விரட்டுகிற சத்தம் அது.

அவருக்குச் சொந்த ஊர் செய்யூர்ப் பக்கம். அவருடைய அப்பா அங்கே ஒரு பெரிய பண்ணையில் கூலி. பண்ணைக்காரர் மாலை நேரத்தில் துப்பாக்கி எடுத்துக்கொண்டு வேர்க்கடலைக் கொல்லைக்குப் போவாராம். விழுந்த புறாக்களை ஓடிப்போய்ப் பொறுக்கி வருவது என் மாமனாரின் வேலை. குற்றுயிராகக் கிடப்பதைக் கழுத்தைத் திருகிக் கொண்டுவர வேண்டும். இவர் படித்து, அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன் ஆகி, விளையாட்டு லைசென்ஸில் இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் மாமியார் அதன் பக்கத்திலேயே வரவில்லை.

"இன்னாத்துக்குடா நமக்கு இது? அவங்க வூட்டு சாமான் இது" என்றார்.

"இப்போ நம்ம வூட்ல கீதும்மா" என்றார் இவர். அன்று இரவு என்னிடம், "தட்டு ஒடஞ்சா ஒடஞ்சதுதான் மே. எவனும் போய்ப் பொறுக்கியாற வேண்டியதில்ல" என்றார். அவர் அந்த விளையாட்டை ஏன் பிடித்துக்கொண்டார் என்று அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை.

நான் திருவிடந்தைக்குப் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவள். மாமல்லபுரத்தில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை. துப்பாக்கி பற்றி எதுவும் தெரியாது, ஆனால் காற்று தெரியும். அதனால் தோட்டா தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு பங்கு வந்தது. காற்று அடங்கிய காலையில் முதல் குழலுக்கு எட்டு, இரண்டாம் குழலுக்கு ஏழரை. முதல் சூடு தவறினால் இரண்டாவது சூட்டுக்குள் தட்டு தள்ளிப் போயிருக்கும், அதற்குப் பெரிய குண்டுதான் எட்டும். மதியத்துக்கு மேல் கடல் பக்கத்திலிருந்து கொண்டல் காற்று எழும்பினால், சின்னக் குண்டைக் காற்று தள்ளிவிடும் என்று இரண்டு குழலிலும் ஏழரை. "இன்னா மே, காத்து எப்டிக் கீது?" என்று திரும்பிப் பார்ப்பார். நான் புல்லையும் மேகத்தையும் பார்த்துச் சொல்வேன். அவர் தோட்டாப் பைக்குள் கையை விடுவார்.

கிளப்பில் அவருக்கு ஒரே நண்பர், கட்டிட கான்ட்ராக்டர். அவர் ஏழரையைத் தொடவே மாட்டார். "ஏழரைன்னு பேர் வெச்சத எவனாவது காசு குடுத்து வாங்குவானா மச்சான்? நமக்கு ஏற்கெனவே நடந்துகினுதானே கீது" என்று சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் நன்றாகச் சுட்டார். மாநிலப் போட்டிக்குப் போகலாம் என்று கிளப்பில் பேச்சு இருந்தது.

அதற்குள் தேர்தல் வந்தது. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்துவிட்டு, தேர்தல் எல்லாம் முடிந்து திரும்ப வாங்கிக்கொண்டு கிளப்புக்குப் போன முதல் நாளே, பாதிக்கு மேல் தட்டுகள் முழுசாகப் போய் விழுந்தன. "கை விட்டுப்போச்சு மச்சான், ரெண்டு வாரத்துல வந்துடும்" என்றார் நண்பர். இரண்டு வாரத்தில் வரவில்லை.

பிறகு தோட்டாவின் மேல் பழி விழுந்தது. எங்களிடம் இருந்தவை காகித உறை போட்டவை. கடலோர ஈரத்தில் காகிதம் உப்பிவிடும், குழலுக்குள் சிக்கும். "நம்ம ஊரு ஈரந்தான் பேஜாரு" என்று பிளாஸ்டிக் உறை போட்டதாகத் தேடிச் சென்னைக்குப் போனோம். அதிலும் தவறியது. காற்றே இல்லாத நாளிலும் இரண்டு குழலிலும் ஏழரை போட்டுப் பார்த்தார். பிறகு இரண்டிலும் எட்டு. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் முதல் சில தட்டுகள் உடையும். உடனே அவர் முகம் தெளியும். "பாத்தியா, இதான் மே விஷயம்" என்பார். அடுத்த சுற்றில் மறுபடியும் தட்டுகள் உடையாமல் பறக்கும்.

ஒருநாள் நண்பர் பழைய செய்தித்தாள்களை ஒட்டி ஒரு பெரிய விரிப்பாக்கி, கம்புகளில் கட்டித் தூரத்தில் நிறுத்தினார். தோட்டா குண்டுகளைச் சீராகப் பரப்புகிறதா என்று பார்ப்பதற்கு. என் கணவர் சுட்டார். மூன்று பேரும் நடந்துபோய்ப் பார்த்தோம். நடுவில் அடர்த்தியாக, ஓரத்தில் கொஞ்சம் இளகி, சல்லடை மாதிரி ஓட்டைகள். எங்கேயும் பெரிய இடைவெளி இல்லை.

"தோட்டா நல்லாத்தான் கீது மச்சான்" என்றார் நண்பர்.

என் கணவர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குறை இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அன்று மதியம் நான் தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். பித்தானை அழுத்துகிறவளுக்கு அது சுலபம், பின்னால்தானே நிற்கிறேன். நேராகப் போன தட்டுகளை உடைத்தார். வலது பக்கம் போனவற்றிலும் பல உடைந்தன. இடது பக்கம் போன தட்டுக்குத் துப்பாக்கி திரும்பவே இல்லை. தாமதமாகத் திரும்பித் தவறவிடுவது வேறு. இது அப்படி இல்லை. தட்டு கிளம்பியது அவருக்குத் தெரியும், பிறகு அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எதிரே இருக்கும் வெற்றிடத்தைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டி, இடது பக்கச் சந்திலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெரியவரை என் கணவர் ஓட்டிய வண்டி உரசியது. யாருக்கும் பெரிய அடி இல்லை. பெரியவர் எழுந்து, "கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று கத்தினார். என் கணவர் சண்டைக்குப் போகவில்லை. "நீ பாத்தியா மே அவர?" என்று என்னிடம் கேட்டார்.

"பாத்தேன்யா. ரொம்ப நேரமா வந்துகினுதான் இருந்தாரு."

அடுத்த வாரம் செங்கல்பட்டில் கண் மருத்துவமனைக்குப் போனோம். ஒரு மெஷினுக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே சின்ன வெளிச்சம் தோன்றும், தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பித்தானை அழுத்த வேண்டும். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தினார், அழுத்தினார், பிறகு நெடுநேரம் அழுத்தாமல் இருந்தார். விரல் பித்தானின் மேல் தயாராகவே இருந்தது. சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முடியவில்லை, வெளிச்சங்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்றார். வலி இருக்காது, ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லப் பார்வை போகும், நடுப்பார்வை கடைசி வரை தெளிவாக இருப்பதால் பலருக்குத் தெரியவே தெரியாது என்றார்.

"போனது திரும்புங்களா?" என்று நான் கேட்டேன்.

"திரும்பாதும்மா. இருக்கறத காப்பாத்தத்தான் சொட்டு மருந்து. அதுவும் இவருக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும்."

"துப்பாக்கி சுட்டதாலயா மேடம்?" என்றார் என் கணவர்.

"அதனால இல்ல. ஆனா இனிமே வேணாம். வண்டியும் ஓட்டாதீங்க."

வெளியே வந்து மருந்துக் கடையில் நின்றபோது அவர் சொன்னது எனக்கு இன்னும் தாங்கவில்லை. "ஒம்போது போட்டுப் பாக்கல மே இன்னும். அது நல்லாப் பரவும். கிட்டத்துல அடிச்சா போதும். ஓரத்துல போற தட்டுகூட மாட்டும்."

ஒன்பதாம் நம்பர் அந்தத் தூரத்துக்கு உதவாது என்பது அவருக்குத் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். நான், "வாங்கலாம்யா" என்றேன்.

வாங்கினோம். வண்டியை நான் ஓட்டினேன், அவர் துப்பாக்கிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார். அன்று நண்பர் எங்களுக்கு முன்பே வந்து மெஷின் பள்ளத்துக்குள் இறங்கி ஏதோ செய்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மேலே ஏறி வந்து பின்னால் நின்றார். நான் பித்தானைக் கையில் எடுத்தேன். "ஏய்!" என்றார் என் கணவர். நேராகப் போனது. உடைந்தது. அடுத்தது நேர். அடுத்ததும் நேர். அகலமாகப் பரவிய சின்னக் குண்டுகளில் சில எப்படியோ எட்டி, தட்டு இரண்டாகப் பிளந்தது. கறுப்புத் துண்டுகள் புல்லில் விழுந்துகொண்டே இருந்தன. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நண்பரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

என் கணவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"மெஷின லாக் பண்ணிட்டியா மச்சான்?"

நண்பர் செருப்பால் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"சொல்லு மச்சான். நேராவே போறா மாதிரி லாக் பண்ணிக்கீறதானே?"

"ஒருநாளு சந்தோஷமா அடிச்சிட்டுப் போயேன்டா" என்றார் நண்பர்.

என் கணவர் கோபப்படுவார் என்று பயந்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துப்பாக்கியை மடக்கித் திறந்து, சுடாத தோட்டா இரண்டையும் எடுத்து நண்பரின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "எங்கப்பன் அவங்களுக்குப் பொறுக்கிக் குடுத்தான். நீ எனக்குத் தூக்கிக் குடுக்கறியா?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு என்னைத் தேடினார். நான் அதற்குள் அவருடைய இடது பக்கம் வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் வலது பக்கம் திரும்பி, "எங்க மே போயிட்ட?" என்றார்.

துப்பாக்கியையும் மிச்சத் தோட்டாக்களையும் சென்னையில் வாங்கிய கடையிலேயே ஒப்படைத்தோம். கடைக்காரர் குழலுக்குள் பார்த்து, நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்றார். நண்பர் சில மாதங்கள் வீட்டுக்கு வந்துபோனார். பிறகு வரவு நின்றுவிட்டது. மின் நிலையத்தில் இவருக்கு மேசை வேலை கொடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் அதுவும் முடியவில்லை என்று விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு செய்யூர் வீட்டுக்கு வந்தோம். நான் தினமும் மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸில் போய்வருகிறேன். சொட்டு மருந்து தவறாமல் போடுகிறோம். ஒவ்வொரு சோதனையிலும் பார்வை வட்டம் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. டாக்டர் முன்பெல்லாம் விளக்கிச் சொல்வார். இப்போது மருந்தை எழுதித் தருவதோடு சரி.

போன மாதம் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவரை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். களைப்பில் கொஞ்ச நேரம் வாய்மூடி இருந்தேன். அவர் கையால் இருக்கையைத் தடவினார்.

"பேசிக்கினே வா மே" என்றார். "நீ பேச்ச நிறுத்திட்டா நீ எங்க கீறன்னே தெரியமாட்டேங்குது."

பேசினேன். விடுதிக்கு வந்த ஒரு குடும்பம் சாவியைத் தொலைத்தது, கடப்பாக்கத்தில் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை, பக்கத்து வீட்டில் ஆடு குட்டி போட்டது. செய்யூர் வருவதற்குப் பாதி வழியிலேயே சொல்வதற்கு எதுவும் இல்லாமல் போயிற்று. பிறகு சொன்னதையே திரும்பச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்பவர்போலத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.