முடிவை முதலில் பார்த்த மேட்னி

போன வாரம் அந்தப் படம் செல்போனில் அகப்பட்டது. அதே பழைய தமிழ் டப்பிங். பாலைவனத்தில் லாரி பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவன், நின்றுபோன ஒரு விண்கலத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து நுழைகிறான். அவன் எதையோ முடுக்க, கலம் அவனையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. போய் இறங்கும் கிரகத்தில் மூன்று சூரியன்கள். ஒன்று மறைவதற்குள் அடுத்தது எழுந்துவிடும். இரவே கிடையாது, அதனால் அங்கே ஒருவருக்கும் தூக்கம் என்றால் என்னவென்று தெரியாது. கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்க்கும் மெக்கானிக் பேசும் முதல் வசனம், “துணி காயப்போட நல்ல ஊருப்பா.”

தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பத்திரிகையில் வேலை பார்த்த கண் சும்மா இருக்காது, குறைகளையும் குறித்துக்கொண்டது. ராட்சதப் பூச்சியின் காலில் கம்பி தெரிகிறது. மூன்றாவது சூரியன் சந்தேகமில்லாமல் ஒரு மின்விளக்கு. அந்தக் கிரகத்து ராஜாவின் தாடி காட்சிக்குக் காட்சி இடம் மாறுகிறது. இதில் எதுவும் என் உற்சாகத்தைக் குறைக்கவில்லை. கலம் முதன்முதலாக மணலை உதறிவிட்டு எழும் இடத்தில் பழையபடி கால் விரல்களை இறுக்கிக்கொண்டேன்.

ஒன்றுதான் உறுத்தியது. படம் வரிசையாக ஓடியது. நான் காரைக்குடியில் பார்த்தபோது அது அப்படி ஓடவில்லை. அப்படி ஓடாததற்கு என் தாய்மாமா காரணம்.

மாமா வளைகுடாவில் கிரேன் ஓட்டினார். அங்கே தங்கியிருந்த அறையில் டிவியில் ஒருநாள் இந்தப் படத்தைப் பாதி பார்த்திருக்கிறார். புரியாத மொழி, ஆனாலும் ஆளை விழுங்கிவிட்டது. விண்கலம் கிரகத்தில் இறங்கும் இடத்தில் ஷிப்ட் வண்டி வந்து ஹாரன் அடித்துவிட்டது. அதன்பின் லீவில் ஊருக்கு வந்தார். லீவின் கடைசி வாரத்தில் அதே படம், தமிழ் பேசிக்கொண்டு, எங்கள் ஊர் தியேட்டருக்கு வந்தது. முதல் நாளே ஓடினார். இடைவேளையில் முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தவரைப் பங்காளி வீட்டில் யாருக்கோ பிரசவ வலி என்று வண்டியோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடியும் பாதி.

மெக்கானிக் வீடு திரும்பினானா இல்லையா என்பதுதான் மாமாவின் கவலை. விருந்துக்குப் போன வீட்டிலெல்லாம் இதையே கேட்டார். பார்த்தவர்கள் யாராவது முடிவைச் சொல்ல வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொண்டார்.

மிஞ்சியது ஊருக்குப் போகும் நாளின் மேட்னி மட்டும். மறுநாள் தியேட்டரில் வேறு படம். சாயங்காலம் ஆறு மணிக்குச் சென்னை பஸ், காலையில் விமானம்.

“ஊருக்குப் போற அன்னைக்குமாடா படம்?” என்றாள் அம்மா, பெட்டியில் இடியாப்ப மாவைத் திணித்தபடி.

“படம் முடிஞ்சு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருவேன்க்கா. நீ பெட்டியோட வந்து நில்லு.”

“நீ வரலைன்னா நான் ஏறிப் போயி கிரேன் ஓட்டவா?”

“ஓட்டு. சம்பளம் ஒழுங்காத் தருவாக.”

மாமாவுக்குக் காவலாக என்னை அனுப்பினாள். அப்போது நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். நான் இதற்காகத்தான் காலையிலிருந்து அம்மாவின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த நாட்களில் எங்கள் தியேட்டருக்கும் தேவகோட்டைத் தியேட்டருக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட்தான். தேவகோட்டையில் முதலில் படத்தைத் தொடங்குவார்கள். ஓடி முடிந்த ரீல்களைப் பெட்டியில் போட்டுப் பஸ்ஸின் மேல் ஏற்றிவிடுவார்கள். எங்கள் பஸ் ஸ்டாண்டில் தியேட்டர் ஆள் ஒருவர் காத்திருந்து இறக்கி, சைக்கிளில் கொண்டுவருவார். முதல் பாதி ஒரு பெட்டி; இடைவேளைக்குப் பிறகு நடுப்பெட்டி, கடைசிப் பெட்டி என்று இரண்டு. பஸ் தாமதமானால் இடைவேளை நீளும். அதற்காக யாரும் கோபப்பட்டதில்லை. கடலை விற்பவருக்கு வியாபாரம் கூடும், அவ்வளவுதான்.

அன்று முதல் பாதியை மாமா மூன்றாவது முறையாகப் பார்த்தார். வசனத்துக்கு முன்பே சிரித்தார். இடைவேளை வந்தது. பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து மறுபாட்டும் முடிந்தது. மாமா கடிகாரத்தைப் பார்ப்பதும் ஆபரேட்டர் அறையின் சதுர ஓட்டையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

மேனேஜர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். “நடுப்பெட்டிய இறக்காம விட்டுட்டாக. பஸ்ஸோட சாக்கோட்டைப் பக்கம் போயிருச்சு. ஆளு பைக்குல போயிருக்காரு, வந்துரும். கடைசிப் பெட்டி இப்பத்தான் வந்து இறங்குச்சு.”

“பெட்டி போறப்ப உங்க ஆளு எங்குட்டுப் போனாரு?” என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

“டீ குடிக்கப் போயிட்டாரு.”

“ராக்கெட்டு கூட ஒழுங்கா இறங்கிருச்சு. உங்க பொட்டி இறங்க மாட்டேங்குதே!”

தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. மாமா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். கூச்ச சுபாவம் உள்ளவர்; என் கையை அவர் பிடித்திருந்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

“அண்ணே, எனக்கு ஆறு மணிக்குப் பஸ்ஸு. காலையில ஃபிளைட்டு. இதோட மூணு தடவை பாதிதாண்ணே பாத்துருக்கேன். அந்தக் கடைசிப் பெட்டியவாவது...”

முடிக்கும் முன் எதிர்ப்பு கிளம்பியது. “அது எப்படி? முடிவ முதல்ல போட்டுட்டா, பிறகு நாங்க எதைப் பாக்குறது?”

முன் வரிசையில் நகரத்தார் வீட்டு ஆச்சி ஒருவர், நாற்பது வயது இருக்கலாம், இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்த்தார். “திருவிழாவுல வருசா வருசம் அதே நாடகத்த விடிய விடிய உக்காந்து பாக்குறீகளே, முடிவு தெரியாமலா பாக்குறீக?”

கேட்டுவிட்டு மாமாவின் பக்கம் கையை நீட்டினார்.

“அந்தத் தம்பி கடலு தாண்டிப் போறாக. நமக்கென்ன, வீடு இந்தா பக்கத்துல. முடிவப் போடுங்க. நடுவுல நடந்தத அப்புறமாப் பாத்துக்கிருவோம்.”

“ஆச்சி சொல்லிட்டாகல்ல, போடுங்கப்பா!” என்றது, சற்று முன் எதிர்த்த அதே குரல்.

விளக்கு அணைந்தது. நேராக, கலம் தீப்பற்றியபடி வானத்தில் பாய்ந்துகொண்டிருந்தது! மெக்கானிக்குக்குப் பக்கத்தில் மூன்று கண்ணுள்ள, முயலும் அல்லாத நாயும் அல்லாத ஒரு பிராணி உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கடித்துக்கொண்டிருந்தது. அது யார், எங்கிருந்து வந்தது, எதற்கு அதன் இரண்டு கண்கள் தூங்க ஒன்று மட்டும் விழித்திருக்கிறது, ஒன்றும் தெரியாது. பின்னால் ராஜாவின் படை துரத்திக்கொண்டு வந்தது. ஏன் அத்தனை படைவீரர்களும் தலையணை வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியாது. தெரியாததால் எங்களுக்கு வெறி ஏறியது. “அங்குட்டு ஒடி! இங்குட்டு ஒடி!” என்று வழி சொன்னார்கள். மாமா இருக்கையின் நுனிக்கு வந்து, கிரேன் லீவரைப் பிடிப்பதுபோல முன் இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்தார்.

கலம் லாரி பட்டறையின் முன்னால் புழுதி பறக்க இறங்கியது. கதவு திறந்தது. மெக்கானிக்கின் மனைவி ஷட்டரைத் தூக்கிப் பார்த்து, “சாப்பாடு ஆறிப்போச்சு” என்றாள்.

தியேட்டர் கூரை பிய்ந்துவிடும்போல் விசில். மாமா விசில் அடிக்கத் தெரியாதவர். இரண்டு கையையும் தூக்கி, “வந்துட்டான்! வந்துட்டான்!” என்று கத்தினார். பின்பு ஆச்சியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்.

“தம்பி, பஸ்ஸ விட்டுறாதீக!” என்று பாதித் தியேட்டர் அவருக்குப் பின்னால் கத்தியது.

அவர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். டிரைவரைப் பேச்சில் நிறுத்தி வைத்திருந்த அம்மா அன்று இரவு முழுக்க என்னோடு பேசவில்லை. ஏனென்றால் காவலுக்குப் போன நான் மாமாவோடு கிளம்பாமல் தியேட்டரிலேயே தங்கிவிட்டேன். நடுப்பெட்டி வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு எப்படி வருவது? மெக்கானிக் வீடு சேர்வான் என்று எங்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அவனைக் கட்டிப்போட்டபோதும் பாதாளத்தில் தள்ளியபோதும் ஒருவரும் பயப்படவில்லை. “போடா போடா, அவன் வீட்டுல சோறு ஆறிக்கிட்டிருக்கு” என்று ராஜாவைக் கேலி செய்தார்கள். அப்படிச் சிரித்த கூட்டத்தை நான் அதற்குப் பின் எந்தத் தியேட்டரிலும் பார்த்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமாவின் போன் வந்தது. அம்மாவிடம் சாப்பாடு, உடம்பு விசாரிப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, அந்த மூணு கண்ணு யாரு?”

“மாமா, அது ராஜாவோட காவக்காரன். அத வச்சுத்தான்...”

“இரு, இரு. இங்க ரூம்ல எல்லாருக்கும் முடிவச் சொல்லிட்டேன். ஆறு பேரும் என்னைத் தூங்கவிட மாட்டேங்குறாங்க. ஸ்பீக்கர்ல போடுறேன்.”

அந்தப் பக்கம் கட்டில்கள் கிரீச்சிட்டன. யாரோ ஃபேனை நிறுத்தினார்கள். “தங்கச்சி, தலகாணி எதுக்குன்னு முதல்ல சொல்லும்மா” என்று முன்பின் தெரியாத ஒரு குரல் கேட்டது. “டேய், வரிசையாச் சொல்லட்டும்டா” என்று இன்னொரு குரல் அதட்டியது. நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கதவு திறந்து மூன்று சூரியன்களும் தெரியும் இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.